ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டுப் போ

விக்கிரமசிங்கபுரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் மங்கைக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு மூட்டுவலி பழையபடிதான் இருக்கிறது. சாரல் பிடித்துவிட்டது, துணி காயமாட்டேன் என்கிறது. பெரியத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் ஆவணிக்குத் தள்ளிப்போய்விட்டது. மற்றதைப் போனில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், நீ எடுக்கவில்லை.

செந்தில் மாமா மகன் அடுத்த வாரம் டல்லாஸ் திரும்புகிறான். அவன் பெட்டியில் உனக்கு ஐந்து புத்தகங்கள் வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் தபாலில் போட்டுவிடுவான். இங்கேயே கிடைக்காதா அம்மா என்பாய். கிடைக்கும். ஆனால் இவை நான் படித்த பிரதிகள். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். நூலகத்தில் இருந்த காலமெல்லாம் புத்தகத்தில் கோடு போட்டவர்களைக் கண்டித்தவள் நான். இவற்றில் நானே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கோடு உள்ள இடத்தில் கொஞ்சம் நின்று படி.

உன் ஸ்டேட்டஸில் அந்த மலை உச்சிப் படத்தைப் பார்த்தேன். சுற்றிலும் பாறை, மேலே வானம், வேறு ஆள் இல்லை. லாங்ஸ் பீக் என்று போட்டிருந்தாய். 14,259 அடி என்று தேடித் தெரிந்துகொண்டேன். நம் பொதிகை உச்சியைப்போல இரண்டு மடங்குக்கு மேல்! கமலா டீச்சரிடம் காட்டினேன், எதிர்வீட்டில் காட்டினேன். என் மகள் ஏறியிருக்கிறாள் என்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. யாரோடு போனாள் என்று டீச்சர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போ. ஆனால் எங்கே போகிறாய், எந்த வழி, என்றைக்குத் திரும்புவாய் என்று ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

முதலில் ஆரன் ரால்ஸ்டன் எழுதியதை எடு. 'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்'. அவனும் நீ இருக்கிற கொலராடோவில் வளர்ந்தவன்தான். 2003 ஏப்ரல் 26, சனிக்கிழமை, யூட்டாவில் ப்ளூஜான் என்ற குறுகலான பாறைப் பிளவுக்குள் தனியாக இறங்கினான். ஒரு பாறை பெயர்ந்து வலது கையை நசுக்கி அங்கேயே நிறுத்திவிட்டது. 127 மணி நேரம். கடைசியில் முனை மழுங்கிய சின்னக் கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தான். எல்லாரும் அந்தக் கத்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் கோடு போட்ட இடம் வேறு. எங்கே போகிறேன் என்று அவன் ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. மகன் வேலைக்கு வரவில்லை என்று தெரிந்ததும் அவன் அம்மா அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அவன் மின்னஞ்சலைத் திறக்க வழி பார்த்தார். போலீசுக்கும் பூங்கா அலுவலகங்களுக்கும் போன் மேல் போன் போட்டார். அந்தத் தேடலால்தான் அவன் ரத்தம் சொட்ட நடந்து வந்த நேரத்தில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இருந்தது.

எனக்கு உன் கார் நம்பர்கூடத் தெரியாது மங்கை. நான் யாருக்குப் போன் போடுவேன்? உன் ஆபீசுக்கா? இப்போதும் அதே ஆபீஸ்தானா?

இரண்டாவது ஒரு ஜெர்மன் பெண்ணுடையது, யூலியானே கோப்கே. புத்தகம் 'வென் ஐ ஃபெல் ஃப்ரம் தி ஸ்கை'. 1971 டிசம்பர் 24. பதினேழு வயதில் அம்மாவோடு பெரு நாட்டில் விமானத்தில் போகிறாள். மின்னல் தாக்கி விமானம் நடுவானில் சிதறுகிறது. இருக்கையோடு மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேசான் காட்டுக்குள் விழுகிறாள். 92 பேரில் உயிர் பிழைத்தது அவள் ஒருத்திதான். கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, கண்ணாடி போய்விட்டது, ஒரு காலில்தான் செருப்பு. கையில் ஒரு பை மிட்டாய், அவ்வளவுதான். ஓடையைக் கண்டால் அதோடு கீழே போ, ஓடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனுஷர் இருப்பார்கள் என்று அப்பா சொல்லிக்கொடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. செருப்புப் போட்ட காலை முதலில் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த அடி, பாம்புக்காக. பதினோரு நாள். கைக் காயத்தில் புழு வைத்துவிடுகிறது. வீட்டு நாய்க்கு அப்படி ஆனபோது அப்பா மண்ணெண்ணெய் ஊற்றியது ஞாபகம் வந்து, ஆற்றோரம் கிடந்த படகின் பெட்ரோலை எடுத்துத் தானே ஊற்றிக்கொள்கிறாள். அந்தப் பக்கத்தை நான் மூன்று தரம் படித்தேன்.

உனக்கு நீச்சல் கற்றுத்தந்தது யார் என்று நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பாபநாசம் படித்துறையில், இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? அந்தப் புத்தகம் ஒரு நாள் அப்பா மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதில் நீலப் பேனாவில் போட்டிருக்கும் கோடு என்னுடையதல்ல.

மூன்றாவதை, நீ ராத்திரி தனியாக இருக்கும்போது படிக்காதே. பகலில் படி. ஜான் கிராகவர் எழுதிய 'இன்டு தி வைல்டு'. கிறிஸ் மெக்கேண்ட்லெஸ் என்ற நன்றாகப் படித்த பையன். 1990இல் பட்டம் வாங்கியவன் எங்கே போகிறேன் என்று அப்பா அம்மாவிடம் சொல்லாமல் போய்விட்டான். பெயரையும் மாற்றிக்கொண்டான். 1992 ஏப்ரலில் நாலரைக் கிலோ அரிசியும் ஒரு துப்பாக்கியுமாக அலாஸ்காக் காட்டுக்குள் போய், கைவிடப்பட்ட ஒரு பஸ்ஸில் தங்கினான். ஜூலையில் அவனுக்குத் திரும்பி வரத்தான் தோன்றியிருக்கிறது மங்கை. புறப்பட்டு வந்தான். போகும்போது நடந்து கடந்த டெக்லனிகா ஆறு, பனி உருகிக் கரை கொள்ளாமல் ஓடியது. திரும்பவும் பஸ்ஸுக்கே போய்விட்டான். செப்டம்பரில் உடலைத்தான் எடுத்தார்கள். 24 வயது. ஆற்றோடு ஒரு கிலோமீட்டர்கூட நடக்க வேண்டாம், கையால் இழுத்துக் கடக்கிற கம்பித் தொட்டி ஒன்று இருந்திருக்கிறது. சரியான வரைபடம் அவனிடம் இல்லை. காலையில் முழங்கால் அளவு இருக்கிற ஆறு சாயங்காலம் ஆளை இழுக்கும். நம் ஊரில் தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தாலே கரையேறு என்று ஆச்சி கத்துவாளே, அது எல்லா ஊர் ஆற்றுக்கும் பொருந்தும்.

அதே ஜூலையில் ஒரு ராத்திரி அவன் அம்மா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார், மகன் கூப்பிட்ட குரல் கேட்டதென்று. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. பிறகு அந்த பஸ்ஸுக்குப் போனபோது, வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று சாப்பாட்டு டின்களும் மருந்தும் வைத்துவிட்டு, உடனே உன் அப்பா அம்மாவைக் கூப்பிடு என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தாராம். அந்தப் பையனைத் தெய்வமாக்கி அங்கே போனவர்கள் உண்டு. அதே ஆற்றில் 2010இலும் 2019இலும் இரண்டு பெண்கள் இறந்தார்கள். 2020இல் பஸ்ஸையே ஹெலிகாப்டரில் தூக்கிவிட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

ராபின் டேவிட்சனின் 'டிராக்ஸ்' எனக்கு ரொம்பப் பிடித்தது. 1977இல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 2,700 கிலோமீட்டர், நான்கு ஒட்டகம், ஒரு நாய். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ஒட்டகக்காரர்களிடம் வேலை பார்த்து, ஏச்சுக் கேட்டு, அவற்றைப் பழக்கவும் வைத்தியம் பார்க்கவும் கற்றுக்கொண்டாள். தனியாகப் போகிற பெண் என்றால் இப்படிப் போக வேண்டும். பாதி வழியில் எடி என்ற பழங்குடிப் பெரியவர் துணைக்கு வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை பார். நாய்க்கு நேர்ந்தது மட்டும் எனக்குத் தாங்கவில்லை.

செரில் ஸ்டிரேய்டு எழுதிய 'வைல்டு' பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. 1995இல், இருபத்தாறு வயதில், அம்மா இறந்து, கல்யாணமும் முறிந்து, பசிபிக் கிரெஸ்ட் என்ற மலைப்பாதையில் 1,100 மைல் நடந்தவள். தூக்கவே முடியாத மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நடந்து முடித்தாள். வாழ்ந்துகொண்டிருக்கிறாள். நீ படி.

உன் சாமான் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவில்லை, மாடியறையில்தான் இருக்கின்றன. யாரும் தொடமாட்டார்கள். அவர் வீட்டிலிருந்து இதுவரை யாரும் பேசவில்லை, நானும் கூப்பிடவில்லை.

கோடையில் அந்த மலைகளில் மத்தியானம் இடி மின்னல் வரும் என்று படித்தேன். விடியுமுன் ஏறி, பன்னிரண்டு மணிக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடு. சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற சின்னக் கருவி விற்கிறார்களாம், இன்ரீச் என்று பெயர். அதை வாங்கு. காசு நான் தருகிறேன். வாங்கிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. எங்கே போகிறாய், என்றைக்குத் திரும்புவாய் என்பதையும் எழுது. எனக்கு வேண்டாம் என்றால் உன் பக்கத்து வீட்டம்மாவிடமாவது சொல். கார் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா ஓய்வூதியர் சங்கத்துக்குப் போய்விடுவார், எட்டு மணிக்குத்தான் வருவார். உனக்கு அப்போது காலை ஆறரை. அந்த நேரத்தில் கூப்பிடு. எட்டுக்கு மேல் கூப்பிட்டாலும் சரிதான். போனை அவர்தான் எடுப்பார், நீ பேசு.

அன்புடன்,
அம்மா