அக்கா, ரேடியோ பரண் மேல் போன கதை

அக்காவுக்கு,

நேற்று அப்பாவுக்கு நாலாவது திதி முடிந்தது. நீ அனுப்பிய பணம் வந்தது. காக்கா உடனே வந்து சோற்றை எடுத்தது, நீ கேட்பாய் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நம் போன் பேச்சு சாப்பிட்டியா, அங்க மழையா, பசங்க எப்படி என்பதைத் தாண்டி மூன்று வருஷம் ஆகிறது. இங்கே எழுதினால் படிப்பாய் என்று தெரியும். இந்தப் பக்கத்துக்கு யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று எனக்குக் காட்டும். சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு ஆள், நான் எதைப் போட்டாலும் அன்றைக்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அது நீயாக இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு ஒரு வணக்கம். பெரியப்பா வீட்டுப் பசங்களும் படிப்பார்கள், அதனால் கிணற்று மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே வராது. நீயும் கீழே எதையாவது எழுதி ஆரம்பித்து வைக்காதே.

2022 ஜூன் லீவுக்கு வந்தபோது, நீ அப்பாவுக்குக் கொடுத்த இணைய ரேடியோப் பெட்டியைப் பரண் மேல் பார்த்துவிட்டுச் சொன்னாயே, அத்தனை பேர் எதிரில், "அவரு ஆசையா கேட்ட ஒரே பொருளு, அதையும் புடுங்கி மேல போட்டுட்டியா" என்று. நான் "ரிப்பேர்" என்றேன். அதோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். ரிப்பேர் இல்லை அக்கா. அந்தப் பெட்டிக்கு இன்றைக்கும் ஒரு கோளாறும் கிடையாது.

நீ நினைக்கிற மாதிரி அந்தப் பெட்டிக்குள் எந்த ரேடியோவும் உட்கார்ந்திருக்கவில்லை. எந்த நிலையம் இணையத்தில் எந்த முகவரியில் ஓடுகிறது என்கிற பட்டியல் எங்கேயோ ஒரு கம்பெனியின் சர்வரில் இருந்தது. ஆன் செய்ததும் பெட்டி முதலில் அங்கே போய்க் கேட்கும், அது முகவரியைக் கொடுக்கும், அப்புறம்தான் நிலையத்திலிருந்து நேராக ஒலியை இழுக்கும். நீ சென்னை, திருச்சி, உன் ஊர் ஒலி 96.8 என்று ஒன்று, இரண்டு, மூன்றாகப் பதிந்து கொடுத்தாயே, அந்தப் பொத்தான்களும் அந்தப் பட்டியலை நம்பித்தான் இருந்தன. 2021 ஏப்ரல் முடிந்ததும் பட்டியல்காரர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். மண்டியில் கணக்கு நோட்டு தொலைந்த மாதிரி. தக்காளி அப்படியே இருக்கும், எது யாருக்குப் போக வேண்டும் என்று மட்டும் தெரியாது. விளக்கு எரிந்தது, வைஃபை பிடித்தது, மூன்றை அழுத்தினால் அந்தச் சின்னத் திரையில் ஒரு கோடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

இவ்வளவையும் அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு நாளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2015 ஜூலை 7, செவ்வாய்க்கிழமை. உங்கள் ஊரில் வடக்கு-தெற்கு ரயில் பாதையும் கிழக்கு-மேற்கு ரயில் பாதையும் ஒரே நேரத்தில் நின்றுபோன நாள். உன் பக்கத்துக் கதை உனக்குத் தெரியும். கூட்டம், இலவச பஸ், செத்துப்போன போன், வியர்வை. இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று நீ கேட்டதே இல்லை.

அங்கே ஏழேகால் என்றால் இங்கே நாலே முக்கால். அப்பா மண்டியிலிருந்து வந்து, கைகால் கழுவி, வெற்றிலையோடு மூன்றாம் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பெருவிரைவு ரயில் சேவை பாதிக்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள். அந்த வார்த்தையெல்லாம் அப்பாவுக்குத் தண்ணி பட்ட பாடு. தீவு விரைவுச்சாலை, வீவக வீடு (அரசாங்க அடுக்குமாடி), உட்லண்ட்ஸ் பக்கம் இடியுடன் கூடிய மழை. பாலக்கோட்டைத் தாண்டினால் தர்மபுரி, மிஞ்சினால் சேலம் வரைக்கும் போன மனுஷன், மண்டியில் ஏலம் முடிந்ததும் உட்கார்ந்து, பாப்பா பெருவிரைவு ரயில்லதான் வேலைக்குப் போகுது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதிவிரைவு என்று யாராவது மாற்றிச் சொன்னால் திருத்துவார்.

நான் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உன் போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பதினைந்தாவது தடவை கேட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கரண்ட் போய்விட்டது. மோடமும் செத்தது, பெட்டியும் செத்தது. என் போனில் நெட் பேக் தீர்ந்திருந்தது. இருட்டில் அப்பா எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய டிரான்சிஸ்டரை எடுத்து வந்தார். கட்டை பேட்டரி மூன்று, ஒன்றை மட்டும் கழற்றி வேட்டியில் துடைத்துத் திரும்பப் போட்டார். ஏரியலை முழுக்க இழுத்தார். மீடியம் வேவில் முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தினார், மயிரிழை மயிரிழையாக, காதைச் சல்லடையில் ஒட்ட வைத்துக்கொண்டு. 612-ல் பெங்களூர், 936-ல் திருச்சி, நடுவில் எல்லாம் இரைச்சல். டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கிழக்கே திரும்பி உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

எதைத் தேடுகிறார் என்று புரிய எனக்கு நேரம் ஆயிற்று. "அது இதுல வராதுப்பா" என்றேன்.

"சும்மா இருடா. பொழுது சாஞ்சிடுச்சு, இனிமே தூரம் எடுக்கும். சிலோன் வரலியா?"

அவர் சொன்னது தப்பில்லை. பொழுது இறங்கினால் மீடியம் வேவ் வானத்தில் பட்டுத் திரும்பி எங்கேயோ போய் இறங்கும், சின்ன வயதில் அப்படித்தான் ராத்திரியில் இலங்கை வானொலி கேட்டிருக்கிறார். ஒலி 96.8 பண்பலை. அது அந்தத் தீவையும் கொஞ்சம் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி வராது. நான் அதை விளக்கினேன், அவருக்கு விளக்கினேன் அக்கா, அந்த நேரத்தில். அவர் கேட்டுக்கொண்டே முள்ளைத் திருப்பினார்.

எட்டரைக்கு நீ கூப்பிட்டாய். "ட்ரெய்ன் நின்னா பஸ்ல வருவேன், இதுக்குப் போயா" என்று சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். களி ஆறிக் கல்லாகியிருந்தது, அதைப் பிட்டுக் குழம்பில் போட்டுக்கொண்டு, நீ சொன்னதையே என்னிடம் நாலு தடவை சொன்னார்.

அன்றைக்கு நான் வண்டியிலிருந்து விழுந்திருந்தேன். வரும் வழியில் ஒரு வேகத்தடை, முழங்கையில் நாலு தையல், வெள்ளைக் கட்டு. கரண்ட் வந்த பிறகும் என் எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் காலையில்தான் "கையில என்னடா" என்றார்.

இதை எழுதக் கூடாது என்று இரண்டு தடவை அழித்தேன். நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தன் இதை வைத்துக்கொண்டிருப்பது கேவலம்தான். ஆனால் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ 2014 தீபாவளிக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து, வைஃபை பாஸ்வேர்டை அந்தத் திருகியில் ஒவ்வொரு எழுத்தாகச் சுற்றிச் சுற்றி ஏற்றிவிட்டு (எட்டாவது எழுத்தில் தப்பாகி மறுபடியும் முதலிலிருந்து, நினைவிருக்கிறதா), பத்து நாளில் விமானம் ஏறிவிட்டாய். அதற்கப்புறம் ஆறரை வருஷம் என் வீட்டில் பொழுது விடிந்தது உன் ஊர் நேரத்தில். காலை ஐந்தரைக்கு அங்கே எட்டு மணி. நேரம் சொல்வார்கள், அப்பா "பாப்பா கிளம்பியிருக்கும்" என்பார். பக்கத்தில் காப்பியோடு நிற்கிறவன் எத்தனை மணிக்குக் கிளம்புவான், எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்க எந்த ரேடியோவும் இல்லை.

சரி, அப்படி மட்டும் சொன்னால் அதுவும் பொய். எனக்கும் அந்தப் பெட்டி பிடித்திருந்தது. காலைச் செய்திக்கு அப்பா இரண்டையும் வைப்பார். சமையலறையில் டிரான்சிஸ்டர் தர்மபுரி 102.5-ல், கூடத்தில் இந்தப் பெட்டி சென்னையில். டிரான்சிஸ்டர் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது" என்று சொல்லி அரை நிமிஷம் கழித்து இது அதையே சொல்லும். இணையத்தில் வரும் ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் பெட்டி பாடும், அதனால் அந்தத் தாமதம். அப்பா அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார். "சிங்கப்பூர் போய்ட்டு வருதுடா, லேட்டு ஆவாதா?" நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அனேகமாக அதற்கு மட்டும்தான்.

இப்போது 2021. மே 10-லிருந்து முழு ஊரடங்கு. மண்டி இல்லை, டீக்கடை இல்லை, வாசலில் ஆள் இல்லை. முந்தின வருஷம் உங்கள் ஊர் முடங்கியபோது தங்கும் விடுதிகளில் எத்தனை பேருக்கு வந்தது என்று தினமும் கேட்டு எனக்கு ஒப்பித்தவர், இந்த முறை ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தினமும் ஐந்தரைக்கு மூன்றை அழுத்துவார். கோடு ஓடும். ஐந்து நிமிஷம் பார்ப்பார், அணைப்பார். "நெட்டு இல்லப்பா" என்று சொல்லி வைத்திருந்தேன். கம்பெனி, பட்டியல், சர்வர் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று முதல் நாள் சொன்னது. அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

ஒருநாள் நான் உள்ளே படுத்துக்கொண்டு போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையில் வந்து நின்றார். "உன் போனுக்கு மட்டும் நெட்டு வருதா?"

"அது வேற நெட்டுப்பா."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெட்டியின் முதுகில் வெளியிலிருந்து ஒயர் செருக ஒரு ஓட்டை இருக்கிறது. போனில் ஒலி 96.8 வைத்து, ஒரு ஒயரால் இரண்டையும் இணைத்தால் முடிந்தது, அந்தப் பட்டியல் தேவையே இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஊரடங்கில் கடை எங்கே திறந்திருந்தது, ஒயருக்கு எங்கே போவது என்று எனக்கு நானே ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒயர் என் மேஜை டிராயரில் இருந்தது. கறுப்பு ஒயர், ஒரு முனையில் சிவப்பு டேப் சுற்றியது, பழைய ஸ்பீக்கருக்கு வாங்கியது.

ஏன் செருகவில்லை? காலை ஐந்தரைக்கு வீடு அமைதியாக இருந்தது. அவ்வளவுதான் முதலில். அப்புறம் அந்த அமைதியில் அவர் என்னிடம் பேச ஆரம்பித்தார். தக்காளி விலை, மாட்டுக்குச் சினை பிடித்ததா, உன் ஆபீஸ் எப்போது திறப்பார்கள். சின்னச் சின்னதாக. அது எனக்கு வேண்டியிருந்தது. திருடின மாதிரிதான், ஆனால் வேண்டியிருந்தது. நீ ஆறரை வருஷம் வாங்கிக்கொண்ட காலை நேரத்தில் நான் இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டேன் என்று கணக்குப் போட்டால் நீ என்னோடு பேசமாட்டாய், அந்தக் கணக்கைப் போடாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

ஆடி பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்னால் அவரே பெட்டியைப் பிடுங்கி, பழைய வேட்டியில் சுற்றி, "மேல வைடா, தூசி படியுது" என்றார். வைத்தது என் கை. அதனால் நீ அன்றைக்குச் சொன்னதில் பாதி சரி.

அப்பா போனபோது விமானம் இல்லாமல் நீ வர முடியாமல் போனதற்கு உன்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவர்கள் யார் என்று உனக்கும் எனக்கும் தெரியும், அது இங்கே வேண்டாம். வீடியோ காலில் அப்பா முகத்தை உனக்குக் காட்டினேனே, அப்போது உன்னிடம் ரேடியோவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய். கேட்பதற்கு வேறு யாரும் இல்லாத ஒரு நேரம் கிடைக்கட்டும் என்று விட்டேன். கடைசியில் இப்படி ஊரே பார்க்கிற இடத்தில் சொல்கிறேன், என் யோக்கியதை அவ்வளவுதான்.

பெட்டியை உனக்கே அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள், நான் கேட்கவில்லை. நம் தெருப் பையன் ஒருவன் வருகிற வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து விமானம் ஏறுகிறான், கைப்பையில் கொண்டுவருவான். அது உங்கள் ஊர் மூன்று சதுரப் பின், அங்கே சுவரில் நேராக மாட்டும். இங்கே அதற்குப் போட்டிருந்த கன்வர்ட்டரை நான் வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் பொத்தானில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, துடைத்துவிடாதே. ஆன் செய்தால் கோடுதான் ஓடும். உன் போனைப் பின்னால் செருகித் தர்மபுரி வைத்தாலும் சரி, உங்கள் ஊரையே வைத்தாலும் சரி.

செருகுவதற்கு ஒயர் உள்ளே வைத்திருக்கிறேன். சிவப்பு டேப் சுற்றியது.

தம்பி
பாலக்கோடு