வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் அதே விலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் நாள்தோறும் வரும் பழைய கார், பைக் விளம்பரங்களில், மாடல் ஆண்டு, ‘சிங்கிள் ஓனர்’, ‘நல்ல கண்டிஷன்’, ஒரு கைப்பேசி எண் ஆகியவற்றுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. நிலம் வாங்குகிறவருக்குத் தெருவாரியாக அரசின் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. நகை வாங்குகிறவர் அன்றைய கிராம் விலையைத் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போகிறார். ஒரு குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் திரட்டி வாங்கும் பழைய வண்டிக்கு மட்டும், விற்பவர் ஏற்றிச் சொல்வதும் வாங்குபவர் குறைத்துக் கேட்பதுமே விலையாகிவிடுகிறது. திருநெல்வேலியைச் சுற்றிப் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகள் பெருகிவரும் இந்நாளில், இதற்கு வெளிப்படையான ஒரு முறை வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கணக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பதிலேயே தவறு நடக்கிறது. விற்பவர் தாம் வாங்கிய காலத்து பில்லை எடுத்துவைத்து, சாலை வரி, சீட் கவர், மியூசிக் சிஸ்டம் வரை கூட்டிக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். உண்மையில் அடிப்படையாகக் கொள்ள வேண்டியது அதே ரக வண்டியின் இன்றைய ஷோரூம் விலையே. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் 350 சி.சி. வரையுள்ள பைக்குகளுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்ட நிலையில், அதற்கு முந்தைய பில்லை வைத்துப் பழைய வண்டிக்கு விலை சொல்வது எந்த வகையிலும் நியாயமாகாது. இன்சூரன்ஸ் தாளில் ஐ.டி.வி. என்று குறிக்கப்படும் மதிப்பும் தயாரிப்பாளரின் நடப்பு விலையிலிருந்தே கணக்கிடப்படுகிறது: இரண்டாம் ஆண்டில் 20 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 என்று தேய்மானம் கழிக்கப்படுகிறது. ஐந்தாண்டைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்வார்கள். இதுவே சந்தை விலை என்று நான் சொல்லவில்லை; தேவை அதிகமுள்ள வண்டிகள் இதற்கு மேலும் போகும். ஆனால் பேச்சைத் தொடங்குவதற்கு, தரகர் வாயால் வரும் தொகையைவிட இந்தத் தாள் நம்பத் தகுந்தது. அதிலிருந்து, உடனடியாக மாற்ற வேண்டிய டயர், பேட்டரி, வரவிருக்கும் இன்சூரன்ஸ் தவணை ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், மீதமுள்ள ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறியதில் திருநெல்வேலி சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை எத்தனையோ வண்டிகள் நின்ற இடத்திலேயே மூழ்கின. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அந்த வண்டியை முழு இழப்பாகக் கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறது. வண்டி ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் எல்லா வண்டிகளையும் உதிரி பாகங்களாகப் பிரித்து விற்றுவிடுவதில்லை; சில வண்டிகள் சரிசெய்யப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்துவிடுகின்றன.

அண்மையில் பக்கத்து வீட்டுத் தம்பிக்காக ஒரு காரைப் பார்க்கச் சென்றபோது, உடன் வந்த மெக்கானிக் பெயிண்டையும் என்ஜினையும் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் காவி நிறக் கறை கோடுபோலப் படிந்திருந்தது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அதன் அடியிலுள்ள போல்ட்டின் இடுக்கில் அவர் விரலை விட்டு எடுத்தபோது, காய்ந்த வண்டல் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்தது. சீட் கவரும் தரைவிரிப்பும் புத்தம் புதியவை. எங்களிடம் காட்டிய தாள்கள் எதிலும் வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தண்ணீர் படாத வண்டிக்கு என்ன விலையோ, அதே விலையைத்தான் இதற்கும் கேட்டார்கள். இத்தகைய வண்டியின் வயரிங்கும் ஏர்பேக் சென்சாரும் எந்த நாளில் கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இதை மறைத்து விற்பது கொடுமை.

பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் விற்பவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்து, ‘ஓப்பன் ஃபார்மில்’ கைமாறும் வண்டி மலிவாகத் தெரிந்தாலும், அதிலும் இப்படி ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. விபத்து நேர்ந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே பெயர் மாறும்வரை ஒரு பகுதித் தொகையை நிறுத்திவைப்பது வாங்குபவருக்கும், உடனே பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவது விற்பவருக்கும் பாதுகாப்பு. பழைய வண்டிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை முழு விலைக்கும் போட்டுச் சொல்லும் வியாபாரிகளிடமும் எச்சரிக்கை தேவை. அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான லாபத்துக்கே அந்த வரி.

பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றைப் பெறுபவர், ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை, விபத்து அல்லது வெள்ளப் பாதிப்பு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்ட தாளை ஒட்ட வேண்டும் என்று போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். முழு இழப்பாகத் தீர்க்கப்பட்ட வண்டிகளின் பட்டியலைக் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து பெற்று, அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைத் தட்டியதுமே தெரியும்படி செய்ய வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திராமல், தங்கள் நாளிதழும் வரி விளம்பரம் கொடுப்பவர்களிடம் இந்த விவரங்களைக் கேட்டுப் பெற்று வெளியிடலாம். குறைந்தபட்சம் ‘வெள்ளத்தில் மூழ்கியதா, இல்லையா’ என்ற ஒரு வரியையாவது கட்டாயமாக்க வேண்டும் எனத் தங்கள் விளம்பரப் பிரிவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.