4340 என்று விற்ற கனெக்டிங் ராடில் நிக்கல் இல்லை: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்: காரின் உரிமையாளரும் எஞ்சின் கட்டும் மெக்கானிக்கும், கோயம்புத்தூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்காக உங்களிடம் ஒரு செட் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) வாங்கினோம். எச்-பீம், நீளம் 144 மி.மீ., ராடு 4, போல்ட் 8. பில்லிலும் பெட்டியிலும் '4340 ஃபோர்ஜ்டு', அதாவது நிக்கல் சேர்த்த 4340 ரக எஃகை அடித்து உருவாக்கியது, என்று அச்சிட்டிருக்கிறது. ராடுகளை இன்னும் எஞ்சினில் ஏற்றவில்லை. ஏற்றும் முன் சோதித்தபோது தெரிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோவில் ஒரு ராடை வைத்தோம். கார்பன் 0.41, குரோமியம் 0.98, மாலிப்டினம் 0.18, நிக்கல் 0.06 சதவீதம் என்று வந்தது. 4340 என்றால் நிக்கல் 1.65 முதல் 2.00 சதவீதம் வரை இருந்தாக வேண்டும். எங்களுக்கு வந்திருப்பது 4140, இங்கே பட்டறைகளில் சொல்லும் ஈஎன் 19. காசு வாங்கியதோ 4340-க்கு இணையான ஈஎன் 24 ரகத்துக்கு. பம்ப்பும் மோட்டாரும் செய்கிற ஊர் இது. ஷாஃப்ட் கடையக் கொடுத்தாலே ஈஎன் 8-ஆ, 24-ஆ என்று கேட்டுவிட்டுத்தான் லேத்தில் மாட்டுவார்கள்.

ஈஎன் 19 மட்டமான எஃகு என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பெயரில், அதற்குரிய விலையில் விற்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் 4340-இல் நிக்கல் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தடித்த இடத்திலும் கடினம் உள்வரை இறங்கும்; கடினம் ஏறியும் நொறுங்காத தன்மை குறையாது.

அதைவிடப் பெரிய கவலை ஹீட் ட்ரீட்மென்ட். கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 4 ராடும் 26, 27, 31, 35 என்று நாலு விதமாக நிற்கின்றன. ஒரே செட்டில் 9 புள்ளி வித்தியாசம் வந்தால், குவென்ச்சிங்கோ (சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பது) டெம்பரிங்கோ (மறுபடி மிதமாகச் சூடாக்குவது) ஒழுங்காக நடக்கவில்லை என்றே பொருள். எஃகின் பெயர் சரியாக இருந்தாலும் இது தவறினால் அந்த ராடு உதவாது.

உங்கள் விளம்பரத்தில் '600 குதிரைசக்தி தாங்கும்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். எத்தனை ஆர்.பி.எம். வரை என்று இல்லை. ராடை இழுத்து அறுப்பது ஆர்.பி.எம்.தான். ஸ்ட்ரோக் 92.8 மி.மீ., மேலும் கீழும் போகும் எடை 600 கிராம் என்று வைத்தால், 7000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ராடில் சுமார் 2 டன் இழுவை. 8000-இல் அது 2.6 டன்னைத் தொடும், ஏனென்றால் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எக்ஸாஸ்ட் முடிகிற உச்சியில் எதிரே தள்ள வாயு அழுத்தமும் இல்லாததால் முழு இழுவையும் ராடுக்கும் போல்ட்டுக்கும்தான். டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், செய்யும் கேடு வேறு. 82.5 மி.மீ. போரில் (சிலிண்டர் விட்டம்) பெட்ரோல் எரியும்போது 120 பார் அழுத்தம் வந்தால் பிஸ்டன் மேல் 6.5 டன் அமுங்குகிறது. திம்பம் ஏற்றத்தில் குறைந்த ஆர்.பி.எம்.மில் முழு பூஸ்ட் கொடுக்கிற வண்டியில், 26 ராக்வெல் ராடு வளைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

போல்ட்டில் ரகக் குறி எதுவும் இல்லை. தாளில் '60 நியூட்டன் மீட்டர்' என்று இருக்கிறது, எந்த லூப்ரிகன்ட் போட வேண்டும் என்று இல்லை. இறுக்கும் முறுக்கு விசையில் (டார்க்கில்) ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போய்விடும். ஆகவே போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று ஸ்ட்ரெச் கேஜில் அளந்தோம். ஒரே டார்க்கில் ஒரு போல்ட் 0.14 மி.மீ. நீண்டது, இன்னொன்று 0.08 மட்டும். குறைவாக நீண்ட போல்ட்டில் ஒவ்வொரு இழுவைக்கும், ராடின் அடியில் பூட்டும் கேப் வாய் திறக்கும், போல்ட் களைத்து அறும். தளர்த்திய பின் 2 போல்ட்டுகள் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் 0.03 மி.மீ. கூடுதலாகவே நின்றன. அவற்றை இனி எந்த எஞ்சினிலும் போட முடியாது.

கிராங்க் ஷாஃப்டில் பூட்டும் பெரிய துளை (பிக் எண்ட் போர்) 0.02 மி.மீ. முட்டை வடிவில் இருக்கிறது. எடையும் ஒத்துப்போகவில்லை.

தொலைபேசியில் சொன்னபோது உங்கள் விற்பனைப் பிரதிநிதி, பதிலுக்கு அலுமினிய ராடு தருகிறோம், எடை குறைவு என்றார். தினமும் ஓடும் தெரு வண்டிக்கு அது வேண்டாம். சுமை இவ்வளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி முறை வந்தாலும் தாங்கும் என்று எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அது கிடையாது, சின்னச் சுமையும் கணக்கில் சேரும். சேலம் பைபாஸில் 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு மணி நேரம் போனாலே, இரண்டு சுற்றுக்கு ஓர் எக்ஸாஸ்ட் என்ற கணக்கில், 90,000 முழு இழுவை. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல இரு மடங்கு நீளும் என்பதால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும். அடிக்கடி கழற்றி மாற்றும் டிராக் ரேஸ் எஞ்சினுக்கு அது பொருந்தும், எங்களுக்கு அல்ல. பணம் தவிர வேறு மாற்று வேண்டாம்.

செட்டின் முழுத் தொகையையும் சோதனைக் கட்டணத்தையும் 15 நாளுக்குள் தர வேண்டும். இந்த பேட்ச்சின் ஹீட் எண்ணோடு (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) மெட்டீரியல் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டும் வேண்டும். இதே பேட்ச்சை வாங்கிய மற்றவர்களுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே எஞ்சினைப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். ராடு அறுந்தால் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், சிந்தும் ஆயில் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் வண்டி தீப்பிடிக்கும். பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உரிமையாளர் பெயரில் மனு கொடுப்போம்.

ராடுகள் 4-ம் ஆயில் தடவிப் பெட்டியில் இருக்கின்றன. உங்கள் ஆள் வந்தால் அவர் முன்னிலையிலேயே மறுபடி சோதிக்கலாம். ஒரு ராடின் பக்கவாட்டில் ஸ்பெக்ட்ரோ பொறி பட்ட தடம் இருக்கும். அதைச் சேதம் என்று காட்டித் திருப்பி எடுக்க மறுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமையாளர், மெக்கானிக்