வாசகசாலைக் கதவைச் சாத்தப்போகும் பெரியவர்களுக்கு

எங்கள் தாராவித் தமிழர் மன்றத்துப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போலீஸ் கேஸில் பெயர் வந்த பையன்களை இனி வாசகசாலைக்குள் விடுவதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தீர்கள். பொங்கல் விழாவில் ஆம்ப்ளிஃபயர் காணாமல் போன கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: "அது ரத்தத்துல இருக்கு, திருத்த முடியாது."

இதைத்தான் 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோவும் சொன்னார். மண்டையோடு, தாடை, காது இவற்றைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுகொள்ளலாம் என்பது அவர் கணக்கு. 1913இல் சார்லஸ் கோரிங் இங்கிலாந்துச் சிறைக்கைதிகள் சுமார் 3,000 பேரை அளந்து பார்த்தார். அப்படியொரு தனி உடல்வாகு இல்லை என்று தெரிந்தது. அண்ணாச்சி, உசிலம்பட்டிப் பக்கம் உங்களுக்கு உறவுக்காரர்கள் உண்டு. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்கச் சொன்னபோது, மறுத்தவர்களைப் போலீஸ் 1920இல் பெருங்காமநல்லூரில் எப்படிச் சுட்டது என்று அவர்களைக் கேளுங்கள். 'ரத்தத்துல இருக்கு' என்று அன்றைக்கு நம்மைத்தான் சொன்னார்கள்.

இன்னொருவர், "வரதாபாய் காலம் திரும்பிடும்" என்றார். சரி, அந்தக் காலத்தையே எடுத்துக்கொள்வோம். பின்னால் கள்ளச்சாராயத்தில் வரதாபாய் என்று பெரிய தாதாவான வரதராஜன் முதலியார், முதலில் பம்பாய் வி.டி. ரயில் ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடிக்கும் ஆசை மட்டும் போகவில்லை. சேரியில் சாராயம் காய்ச்சி நகரத்துக்கு விற்பது ஒரு பிழைப்பானது. காசு சேர்த்தால்தான் மனுஷன் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, சேர்க்கிற வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்தால் மற்றவர்கள் வேறு வழி தேடுவார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938இல் எழுதியது இதற்கு அப்படியே பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் அல்ல. அதே வரிசைவீட்டுச் சாலில் அதே பசியோடு இட்லி விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள்தான் அதிகம். உங்களில் பலர் அந்தப் பிள்ளைகள்.

சிகாகோவில் ஷா, மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிறார் நீதிமன்றப் பதிவுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்து 1942இல் புத்தகமாகப் போட்டார்கள். சில பேட்டைகளில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர் போய் இத்தாலியர், போலந்துக்காரர் வந்தார்கள். ஆட்கள் மாறியும் அந்தப் பேட்டைகளில் குற்றம் குறையவில்லை. வெளியே குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளிடம் குறைந்தது. பத்தடிக்குப் பத்தடி கோலி அறையில் ஏழு பேர் படுக்கிற நமக்கு இதைச் சொல்ல சிகாகோ தேவையில்லைதான்.

என் டியூஷனுக்கு வந்த பையன் ஒருவன். வயது 19. மொபைல் திருடிய ஒருவனோடு நின்றிருந்தான் என்று பிடித்துப் போனார்கள். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒருவனுக்குக் குத்திய முத்திரையே அவனை அந்தப் பக்கம் தள்ளும் என்று ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1963இல் எழுதினார். பையன் அதைப் படித்ததில்லை. "சார், எப்படியும் திருடன்னுதானே சொல்றாங்க" என்றான். தினமும் ஏழு மணிக்குக் கேரம் ஆட வருவான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முனையில் நிற்கிறான். அங்கே யார் நிற்பார்கள், போலீஸ் 'தடிபார்' போட்டு ஊரைவிட்டு விலக்கியவனின் கூட்டாளிகள் யார் என்று உங்களுக்கும் தெரியும்.

அப்புறம், சீட்டுப் பணத்தை அமுக்கியவர் யாரென்றும் நமக்குத் தெரியும். அவர் மேல் கேஸ் இல்லை. அதனால் மேடையில் நாற்காலி உண்டு.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றி ஒன்று. அலமாரிக்குப் பூட்டும் இல்லை, ராத்திரி அங்கே ஆளும் இல்லை. பூட்டை நான் வாங்கித் தருகிறேன். சாவியையும் என்னிடம் கொடுங்கள்; ஏழிலிருந்து பத்து வரை நான் உட்காருகிறேன். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் இதை மறுபடி எடுங்கள்.

இப்படிக்கு,
மன்றத்தின் பழைய உறுப்பினன், டியூஷன் வாத்தியார்