இரைச்சல் வந்தால் எஃப்டி8 மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் ஹாம் வானொலி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஒரு வரி மட்டும் மனதை உறுத்தியது. வீடுகளில் மின்னணுக் கருவிகள் பெருகி வானொலியில் இரைச்சல் கூடிவிட்டதால், பேச்சை விட்டுவிட்டு, கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளுக்கு மாறிவிடுவதே வழி என்று எழுதியிருந்தீர்கள். 18 ஆண்டுகளாக உரிமம் வைத்திருக்கும் எனக்கு அதை ஏற்க முடியவில்லை.

எஃப்டி8-ஐ நான் குறை சொல்லவில்லை. தினமும் அதில்தான் இருக்கிறேன். 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் கொண்டுவந்த முறை அது. இந்த டெய்லர், பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன் ஆராய்ச்சிக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், 15 விநாடிச் சுற்றுகளாகச் செய்தி போகும். இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே, காதுக்கு எட்டாமல் கிடக்கும் சமிக்ஞையைக்கூடக் கணினி படித்துவிடும். ஆனால் அந்த 20 டெசிபலை எங்கிருந்து அளக்கிறோம்? நம் ஆன்டெனாவில் வந்து விழும் இரைச்சலிலிருந்துதான். அது ஏறினால் இந்த எல்லையும் கூடவே ஏறும்.

சென்ற ஆண்டு 7 மெகாஹெர்ட்ஸில், மாலை ஆறு மணி ஆனால் போதும், உள்ளே வரும் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் முள் 7-இல் போய் நின்றுவிடும். நானும் எஃப்டி8-க்குத்தான் ஓடினேன். என் சமிக்ஞையைக் கேட்ட நிலையங்கள் யார் யாருக்குக் கேட்டது என்று இணையத்தில் காட்டும் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் வரைபடத்தில் நிறையவே தெரிந்தன. என் திரையிலோ ஒரு சுற்றுக்கு நான்கைந்து அழைப்புக்குறிகள்தான் (ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய அடையாளப் பெயர்). எத்தனையோ பேர் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள், எனக்குத் தெரியவே இல்லை. வாய் பெரிதாகவும் காது சிறிதாகவும் இருக்கும் இப்படிப்பட்ட நிலையத்தால் அலைவரிசையில் மற்றவர்களுக்கும் தொல்லைதான்.

அப்புறம்தான், எந்த அதிர்வெண்ணில் என்ன வருகிறது என்று படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையைப் பொறுமையாகப் பார்த்தேன். சுமார் 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக மங்கலான தடித்த பட்டைகள், ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. அடாப்டர்களுக்குள் இருக்கும் ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை என்றால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். மின்கம்பத் தீப்பொறி வேறு மாதிரி. அது அலைவரிசை முழுக்கப் பரவி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரமானால் விநாடிக்கு 100 முறை அதிரும் 'கர்ர்' ஒலியாகக் கேட்கும், மழையில் அடங்கிவிடுவதும் உண்டு. மின்வேலி விநாடிக்கு ஒரு 'டிக்' போடும். தொலைதூர ரேடார் என்றால் யார் வீட்டுச் சுவிட்சை அணைத்தும் பயனில்லை. 1976-இல் தொடங்கி விநாடிக்கு 10 முறை தட்டிக்கொண்டிருந்த சோவியத் ரேடாருக்கு ஹாம்கள் மரங்கொத்தி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

வானொலிப் பெட்டியை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். முள் அசையவில்லை. பலருக்கும் இந்தச் சோதனையிலேயே சொந்த வீட்டு அடாப்டர் ஒன்று மாட்டிக்கொள்ளும். எனக்கு அப்படி அமையவில்லை. சரி என்று கையடக்க டிரான்சிஸ்டரை எடுத்து, மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை இரைச்சல் வரும் பக்கம் திரும்பும்போது சத்தம் குறையும். இரண்டு மூன்று இடங்களில் நின்று திருப்பிப் பார்த்ததில் பக்கத்து வீட்டு மாடி அறை என்று தெரிந்தது. அந்த வீட்டு அக்காவிடம் தயங்கித்தான் கேட்டேன். அவரே டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து, பையன் படிக்கும் எல்இடி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். "அட, இதுவா தம்பி!" என்றார். வேறு அடாப்டர் வாங்கிக் கொடுத்து, அதன் வயரை, இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றினேன்.

முள் 3-க்கு இறங்கியது. ஓர் எஸ் அலகு 6 டெசிபல் என்று கொண்டால் 24 டெசிபல், அதாவது இரைச்சலின் திறன் 250 மடங்கு குறைந்திருக்கிறது. எஃப்டி8 என்ன கொடுத்ததோ, அதற்கு மேலேயே அந்த விளக்கு பறித்துக்கொண்டிருந்தது. அன்று மாலையே ஒரு சுற்றுக்கு இருபதுக்கு மேல் அழைப்புக்குறிகள் வந்தன. மாதக் கணக்கில் கேட்காமல் போயிருந்த ஒரு நண்பரின் பேச்சும் தெளிவாகக் கேட்டது.

சக ஹாம்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணினியிலிருந்து வரும் ஒலியை அதிகமாக ஏற்றிவிட்டால், நம் எஃப்டி8 சமிக்ஞையே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஒலி அதிர்வெண்களில் மறுபடி தோன்றி மற்றவர் இடத்தை அடைக்கும். என் சமிக்ஞை இரண்டு இடத்தில் தெரிகிறது என்று ஒருவர் சொன்ன பிறகு, ஒலி மிஞ்சினால் காட்டிக்கொடுக்கும் ஏஎல்சி முள் அசையாத அளவுக்கு ஒலியைக் குறைத்தேன்.

ஹாம் வானொலி பற்றி அடுத்து எழுதும்போது வாசகர்களிடம் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் டிரான்சிஸ்டரும் கையுமாக வந்து, ஒரு நிமிடம் விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டால், தயவுசெய்து அணைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற ஒரு வாசகர்