பிளஸ் ஒன், பிளஸ் டூ பெற்றோருக்கு: ஆங்கில வகுப்பில் பாட்காஸ்ட்

காரைக்குடி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தக் கடிதம் எல்லா வீட்டுக்கும் போகவில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் ஆங்கிலம் ஏற்கெனவே நன்றாக எழுதுகிற பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் அனுப்புகிறேன். அவர்களுக்குப் பாட்காஸ்ட், அதாவது போனில் ஆங்கில ஒலி நிகழ்ச்சிகள், கேட்டுப் பழகும் தனி வகுப்பு ஒன்று நடத்துகிறோம். "இங்கிலீஷ்ல தொண்ணூறுக்கு மேல எடுக்கிற பிள்ளைக்கு இன்னும் எதுக்குத் தனி வகுப்பு? அதுவும் போனை வச்சுக்கிட்டு?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலை எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

இந்தப் பிள்ளைகளிடம் ஆங்கில நாளிதழ்க் கட்டுரை ஒன்றைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சாரம் எழுதித் தருவார்கள். கடிதம், கட்டுரை, இலக்கணம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் நின்று வழி கேட்டால், இரண்டு தடவை "பார்டன்" சொல்லிவிட்டு அப்புறம் சிரித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். கூச்சம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கூச்சம் கொஞ்சம் உண்டு. பெரிய காரணம் வேறு: இவர்கள் ஆங்கிலத்தைக் கண்ணால்தான் படித்திருக்கிறார்கள், காதால் படிக்கவே இல்லை.

நாம் "என்ன செய்துகொண்டிருக்கிறாய்" என்று எழுதுவோம், "என்ன செஞ்சுக்கிட்டிருக்கே" என்று பேசுவோம். புத்தகத் தமிழ் மட்டும் படித்த ஒருவரைக் கொண்டுவந்து நம் சந்தையில் நிறுத்தினால் திணறித்தான் போவார். ஆங்கிலமும் அப்படித்தான். தாளில் 'ஷுட் ஹேவ் பீன்' என்று மூன்று சொல்லாக இருப்பது வாயில் 'ஷுடவ்பின்' என்று ஒரே மூச்சில் வந்து விழும். சாதாரணமாகப் பேசுகிற ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொல் பேசுவார். நாலு சொல்லை அடையாளம் காண நின்றால் அதற்குள் ஒரு வாக்கியம் ஓடிவிடும்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்கர் ஒருவர் பேசிய ஒலித்துண்டு. அரை நிமிடம்கூட இராது. தன்னால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்கிறார். பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் "முடியும் என்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்று பார்த்தால், 'கேன்ட்' என்பதன் கடைசியில் வரும் 'ட்' காதில் விழும் என்று காத்திருந்தார்கள். பேச்சில் அந்த 'ட்' பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். முடியும் என்றால் 'கேன்' என்ற சொல் 'கன்' என்று சுருங்கி ஓடிவிடும், முடியாது என்றால் 'கேன்ட்' என்பதை அழுத்தி நிறுத்திச் சொல்வார்கள். வித்தியாசம் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது. திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பிடிபடும். அன்றைக்கு ஐந்தாவது தடவை கேட்டபோது வகுப்பு முழுக்க "ஆமா, ஆமா" என்றார்கள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பாட்காஸ்ட் என்றால் பெரிய புதிர் ஒன்றுமில்லை. வானொலி நிகழ்ச்சி போன்றதுதான், நமக்கு வேண்டிய நேரத்தில் போட்டுக் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிபிசி தமிழோசையைச் சிற்றலையில் கேட்டிருப்பார்கள். 1941-இல் தொடங்கி 2017 வரை வானொலியில் வந்தது. அந்த நேரத்துக்கு ரேடியோ முன்னால் உட்கார வேண்டும், தவறவிட்டால் போயிற்று. இன்றைய பிள்ளை நிறுத்தலாம், இருபது விநாடி பின்னால் போகலாம், அதே வாக்கியத்தைப் பத்துத் தடவை கேட்கலாம். மொழி படிக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வகுப்பு எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கேட்கும்போது பேனாவைத் தொடக் கூடாது. யார் பேசுகிறார், எதைப் பற்றி, என்ன மனநிலையில் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அடுத்து, ஆங்கில ஆசிரியை ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் போடுவார். காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். அதற்கும் பிறகுதான் நிகழ்ச்சியின் எழுத்து வடிவம் கைக்கு வரும். தான் எழுதியதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே காது ஏமாந்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். எழுத்து வடிவத்தை முதலிலேயே கொடுத்தால் கண் வேலையை எடுத்துக்கொள்ளும், காது தூங்கிவிடும். ஆகவே வீட்டிலும் அதை முதலில் பார்க்க விடாதீர்கள்.

தொடக்கத்துக்கு பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' போதும். ஆறு நிமிடம், ஆறு புதிய சொற்கள், ஆரம்பத்தில் ஒரு கேள்வி போட்டு முடிவில் விடை சொல்வார்கள். எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடுவதில் எனக்கு விருப்பமில்லை. படிக்கிறவர்களுக்கென்று மெதுவாக, சுத்தமாகப் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தால் நிஜப் பேச்சு எப்போதும் எட்டாது. சில வாரங்களில், ஆங்கிலம் பேசுகிறவர்கள் தங்களுக்காகவே நடத்துகிற நிகழ்ச்சிகளுக்குப் போய்விடுவோம். பிபிசி உலக சேவையின் 'விட்னஸ் ஹிஸ்டரி' எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வரலாற்று நிகழ்வை நேரில் பார்த்தவர் தன் வாயால் சொல்வார், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் வருகிறவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து பேசுவதால், ஆங்கிலம் எத்தனை விதமாக ஒலிக்கும் என்பது தெரியவரும். கணக்கு, வணிகவியல் பிள்ளைகளுக்கு 'மோர் ஆர் லெஸ்': செய்திகளில் வரும் எண்கள் சரிதானா என்று ஆராய்கிற நிகழ்ச்சி.

லண்டன்காரர் மாதிரி பேச வைக்கப்போகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் பிள்ளை நம் ஊர்க் குரலில் பேசட்டும், தெளிவாகப் பேசினால் போதும். கேட்கிற காதுதான் விரிய வேண்டும்.

மதிப்பெண் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பொதுத்தேர்வு வினாத்தாளில் கேட்டலுக்கு மதிப்பெண் கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு மறுபடி மறுபடி இலக்கணப் பயிற்சி கொடுக்கிற நேரத்திலிருந்துதான் இந்த வகுப்பை எடுத்திருக்கிறோம், அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு குறைத்துக்கொள்வோம். ஆனால் மேல்படிப்புக்கு வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்டல் பகுதியில் நாற்பது கேள்வி, ஏறத்தாழ அரை மணி நேர ஒலிப்பதிவு, ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள். அதற்குக் கடைசி மாதத்தில் பயிற்சி எடுத்துப் பயனில்லை.

நகரத்தார் கடல் கடந்து வணிகம் செய்ய, அதாவது கொண்டுவிக்கப் போன காலத்தில், கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையன்களாக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்கள் பர்மியமும் மலாயும் எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்? கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பேசுவதைக் கேட்டுத்தான் படித்தார்கள். இந்த ஊருக்கு அது புதிய வழி இல்லை.

வீட்டில் உங்களிடம் நான் கேட்பது, பள்ளி வேலை நாட்களில் தினம் கால் மணி நேரம் போன். தரவு செலவு பற்றிக் கவலை வேண்டாம். பத்து நிமிட ஒலிக்கு ஏறத்தாழ பத்து எம்பி ஆகும், வீடியோவைவிட மிகக் குறைவு. வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு இணையத்தை அணைத்துவிட்டே கேட்கலாம். அப்படிச் செய்தால் நடுவில் வேறு எங்கும் போகாது. இயர்போன் என்றால் ஒலி அறுபது சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இன்னும் நல்லது, ஸ்பீக்கரில் போட்டு வளவு முற்றத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். அப்பத்தாவுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் "தமிழ்ல சொல்லு" என்று மட்டும் கேட்காதீர்கள், ஓட்டம் அறுந்துபோகும். முழுக்க முடிந்ததும் "இன்னைக்கு என்ன கதை?" என்று கேளுங்கள்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்ததும் இரண்டாவது கட்டம். பிள்ளைகள் தாங்களே ஆளுக்கொரு நிகழ்ச்சி தயாரிக்க வேண்டும், ஐந்து நிமிடம், ஆங்கிலத்தில், நம் ஊர் விஷயம் ஒன்றைப் பற்றி. ஒரு மாணவி, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை எடுத்திருக்கிறாள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதை அவள் சொல்ல வேண்டும். நேரில் என்றால் கையைக் காட்டி "இப்படி ஊத்துவாங்க" என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒலியில் கை கிடையாது. 'மெல்ல', 'விளிம்பு தாண்டாமல்', 'கண்ணாடியை ஒட்டிய பக்கம்தான் பிறகு மேல்பக்கம் ஆகும்' என்பதற்கெல்லாம் அவள் ஆங்கிலம் தேடியாக வேண்டும். இப்போதே நோட்டில் மூன்று பக்கம் அடித்து அடித்து எழுதி வைத்திருக்கிறாள். எந்தத் தேர்வும் அவளிடம் இந்த ஆங்கிலத்தைக் கேட்டதில்லை.

இதற்காகப் பிள்ளைகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் தெருவில் உள்ள கைவினைஞர்களிடமும் பேச வருவார்கள். தமிழில் பேசுங்கள், ஆங்கிலமாக்குவது அவர்கள் பாடு. கொஞ்சம் பொறுமையாக, கேட்டதற்கு மேலும் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது பட்டாலைக் கூடம் வேண்டாம். உயரமான கூரையும் வழவழத் தரையும் எதிரொலிக்கும். பாய், தலையணை, துணி உள்ள சின்ன அறையில் குரல் நன்றாக விழும். மின்விசிறியை அந்த ஐந்து நிமிடம் நிறுத்திவிடுங்கள். பதிவுகள் வகுப்பறைக்குள்ளேயே இருக்கும்; உங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எதையும் இணையத்தில் ஏற்ற மாட்டோம்.

வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார் என்றால் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளிக் கணினி அறை மாலை ஐந்தரை வரை திறந்திருக்கும், இயர்போனும் அங்கேயே உண்டு. இத்துடன் உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை காலை நேரில் வாருங்கள், ஆங்கில ஆசிரியையும் நானும் இருப்போம். வருகிறவர்களுக்கு அந்த 'கேன்', 'கேன்ட்' ஒலித்துண்டையும் போட்டுக் காட்டுகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்