கையெழுத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம்

புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கத்திலும் மருத்துவ உளவியல் கற்பிக்கும் துறைத் தலைவர்களுக்கும், பயிற்சி மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்துக்காரி. எம்.எஸ்ஸி. உளவியல், அதன்பின் இரண்டு வருட எம்.ஃபில். கிளினிகல் சைக்காலஜி (மருத்துவ உளவியல்), அப்புறம் பத்து வருடமாக இதே வேலை. இப்போது பயிற்சி மாணவர்கள் தாங்கள் பார்த்த கேஸ்களைக் குறித்து வைக்கிற லாக் புக்கில் கையெழுத்துப் போடுகிற இடத்திலும் இருக்கிறேன். ஆகவே கீழே வரும் குறைகளில் என் பங்கும் உண்டு.

கேட்க வந்தது ஒன்றுதான். ஒவ்வொரு பயிற்சி மாணவருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கதவைச் சாத்திவிட்டு, போனை அணைத்துவிட்டு, அவர் பார்த்த கேஸைப் பற்றி அவரோடு தமிழில் பேசுங்கள். அந்த ஒரு மணி நேரம் டைம்டேபிளில் ஏறட்டும். கையெழுத்து அதற்கப்புறம்.

இதை ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், எம்.ஃபில். படிப்பின் கதை முடியப்போகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதை நிறுத்தச் சொன்னது. நம் துறைக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. அதன் இடத்துக்கு எம்.ஏ., சை.டி. (உளவியலில் முனைவர் நிலைப் படிப்பு) என்று வேறு பெயர்களில் படிப்புகள் வருகின்றன. அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தடையும் வந்துவிட்டது. அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. முடித்தவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிற வட்டாரம் நம்முடையது. இனி படிக்க விரும்புகிறவர்கள் நேரில்தான் வந்தாக வேண்டும். பாடத்திட்டமும் டைம்டேபிளும் உங்கள் மேஜைமேல் பிரித்துக் கிடக்கிற நேரம் இது. ஒருதரம் அச்சாகிவிட்டால் அதை எத்தனை வருடம் யாரும் தொடமாட்டோம் என்பது நமக்குத் தெரியாதா?

வகுப்புப் பாடங்களில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. முதல் வருடம் உளவியல்-சமூக அடித்தளங்கள், மனநல மருத்துவம். இரண்டாம் வருடம் மூளையும் நரம்பும், தெரபி, பிஹேவியரல் மெடிசின். இவற்றோடு புள்ளியியலும். புள்ளியியலை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன், மற்றவை பிடித்தே படித்தேன். முதல் வருடம் ஐந்து சைக்கோடயக்னாஸ்டிக் (டெஸ்ட் வைத்து நோயறியும்) ரெக்கார்ட், இரண்டாம் வருடம் ஐந்து தெரபி ரெக்கார்ட், கடைசியில் ஆய்வேடு என்று கணக்கும் சரியாகவே இருந்தது. கணக்குக்கு வராமல் போனது வேறு. அதற்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். பண்ருட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி வந்தார். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். "ராத்திரி காத்தடிச்சா காதுல சத்தம் கேக்குதும்மா" என்றார். காதில் சத்தம் என்றதும் எனக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன் வந்து நின்றுவிட்டது. "யாராவது பேசுற மாதிரி இருக்குங்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்படித்தான் வச்சுக்கயேம்மா" என்றார்.

படித்த பெண் கேட்கிறாள், இல்லை என்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார். நம் ஊர் மனிதர்கள் அப்படித்தான். நானோ இல்லாத குரல் கேட்பதாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, மேற்பார்வையாளரைத் தேடிப் போனேன். அவர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். ஃபைலைச் சுவரில் வைத்து, நான் எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் குறிப்பைப் பார்த்து டாக்டர் மாத்திரை எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து கேஸ் பிரசண்டேஷன். ஓய்வு பெறப்போகிற ஒரு பேராசிரியர் அன்று வந்து உட்கார்ந்திருந்தார். நான் ஆங்கிலத்தில் மளமளவென்று வாசித்து முடித்ததும், "அவர் சொன்னதை அவர் வாயால சொல்லும்மா" என்றார். எனக்கு வரவில்லை. எழுதி வைத்தால்தானே வரும்? "போய்க் கேட்டுட்டு வா. நீ எதையும் எடுத்துக் கொடுக்காதே" என்றார்.

போனேன். மாத்திரையில் மனிதர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். என்ன சத்தம் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். "மரம் முறியிற சத்தம்மா" என்றார்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவர் அந்த இரவு முழுக்கக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, தாத்தா வைத்த மரங்கள் ஒவ்வொன்றாக முறிவதைக் கேட்டிருக்கிறார். மூன்று வருடம் கழித்தும் காற்று பலமாக அடித்தால் அந்தச் சத்தம் திரும்ப வருகிறது. ஒரு முந்திரி காய்ப்புக்கு வர எத்தனை வருடம் என்று அன்றைக்கு அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் மாத்திரை மாறியது, பேச்சும் மாறியது, நானும் கொஞ்சம் மாறினேன்.

கவனியுங்கள், அன்று என்னிடம் பாட அறிவு குறைவாக இல்லை. பிரமைக்கும் அதிர்ச்சிக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும் நினைவுக்கும் என்ன வித்தியாசம் என்று தேர்வில் கேட்டிருந்தால் நான்கு பக்கம் எழுதியிருப்பேன். எதிரில் இருந்தவர் தமிழில் சொன்னது என் பேனாவுக்கு வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அதைப் பொறுக்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. பிரசண்டேஷனுக்கு அந்தப் பேராசிரியர் வராமல் போயிருந்தால்?

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைப் பாருங்கள். 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி திறந்த ஊர் புதுச்சேரி. தையல் போடப் பழகுகிற மாணவனின் கையைச் சீனியர் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். ஊசி தவறினால் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நம் அறையில் கதவு சாத்தியிருக்கும். உள்ளே மாணவி என்ன கேட்டாள், எங்கே குறுக்கே பேசினாள், எங்கே பயந்துபோய் அறிவுரை சொல்ல ஆரம்பித்தாள் என்பது நோயாளியைத் தவிர யாருக்கும் தெரியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று சொல்லும் இடத்தில், எம்.ஃபில். படிப்பில் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டே சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் லாக் புக் கையெழுத்தை மனதில் வைத்து அதைச் சொல்லியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தமிழில் பேசச் சொல்கிறேனே, தேர்வு ஆங்கிலத்தில்தானே, வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினருக்குத் தமிழ் தெரியாதே என்பீர்கள். ரெக்கார்ட் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஆனால் கேஸ் ஹிஸ்டரியில் முதல் தலைப்பே நோயாளியின் குறையை அவர் சொற்களில் எழுது என்றுதானே இருக்கிறது? அந்த இடத்தில் நாம் எழுதுவது 'லோ மூட்', 'ஆங்ஸைட்டி'. மனசு வெறிச்சோடிக் கிடக்கு, நெஞ்சு பகீர்ங்குது, பயந்த கோளாறு, காத்து கருப்பு அண்டிருக்கு என்று வருகிறவர்களில் எத்தனை பேர் லோ மூட் என்று சொன்னார்கள்? நெஞ்சு பகீர் என்பது வேறு, நெஞ்சடைப்பு வேறு, வயிற்றெரிச்சல் முற்றிலும் வேறு. சில சமயம் வயிற்றெரிச்சலுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இருக்காது, பங்காளிக்குத்தான் இருக்கும். அந்த நாலு வரி தமிழ் எழுத்தில் இருக்கட்டும், கீழே ஆங்கிலம் வரட்டும். மேற்பார்வைப் பேச்சு அந்த நாலு வரியிலிருந்து தொடங்கட்டும்.

டெஸ்டுகளிலும் இதே சிக்கல்தான். ஐ.க்யூ. சான்றிதழுக்கு வரும் பிள்ளைகளின் வரிசையைப் பயிற்சி மாணவர்கள்தான் தள்ளுகிறார்கள். காலை முழுக்க பினே-காமத் என்கிற ஐ.க்யூ. டெஸ்ட், மதியம் முழுக்க ரிப்போர்ட். பினேயின் அளவுகோலை 1930-களில் காமத் திருத்தி அமைத்தது கன்னடமும் மராத்தியும் பேசிய பிள்ளைகளுக்காக. அதைத் தேவனாம்பட்டினத்துப் பையனிடம் கேட்கும்போது மாணவி நின்ற இடத்தில் மொழிபெயர்க்கிறாள். ஒரு மாணவி மொழிபெயர்த்த மாதிரி இன்னொருத்தி செய்வதில்லை. மதிப்பெண் மட்டும் இரண்டு இலக்கத்தில் உறுதியாக நிற்கிறது, அதை வைத்து அந்தப் பையனுக்கு உதவித்தொகை முடிவாகிறது. இதையும் அந்த ஒரு மணி நேரத்தில் பேசலாம்.

பேச வேண்டியது இன்னொன்று இருக்கிறது, அது மாணவர்களே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் புதுச்சேரியின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 29.7. நாட்டுச் சராசரி 12.4. இந்த ஊரில் பயிற்சிக்கு வருகிற இருபத்துமூன்று வயதுப் பிள்ளை முதல் மாதத்திலேயே சாக நினைத்தவர்களோடு உட்கார்ந்து பேசுகிறது. என்னோடு படித்த ஒருத்தி ஒரே ஒருதரம் பார்த்த பெண் அடுத்த வாரம் வரவில்லை. சேதிதான் வந்தது. யாரும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவில்லை. சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் அரியாங்குப்பத்தில் அழ ஆரம்பித்தவள், கன்னியக்கோயில் வரை அழுதுகொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மாதான் முதுகைத் தடவிக்கொடுத்தார். நானும் அதே பஸ்ஸில்தான் இருந்தேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் காலை அவளுக்கு ஓ.பி. போட்டிருந்தார்கள். அந்த வருடமே படிப்பை விட்டுவிட்டாள்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பீர்கள். தெரியும். கோரிமேட்டு மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க முடியாது. பாதிப் பேர் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்திருப்பார்கள். அப்படியானால் உங்களால் வாரம் எத்தனை பேரோடு உட்கார முடியுமோ அத்தனை பேரைச் சேருங்கள். நான்கு பேரோடுதான் முடியும் என்றால் நான்கு பேர் போதும். முதல் ஆறு மாதம் நீங்களோ சீனியரோ அறையில் கூட உட்காருங்கள். முடியாத நாளில், நோயாளி சம்மதித்தால் மட்டும், பேச்சைப் பதிவு செய்து சேர்ந்து கேளுங்கள், கேட்டதும் அழித்துவிடுங்கள். நாற்பது நிமிடப் பதிவை முழுக்கக் கேட்க வேண்டியதில்லை. மாணவி எந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டிப் போகப் பார்க்கிறாளோ அதைக் கேட்டால் போதும்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு மாணவனின் மூன்று தெரபி ரெக்கார்டுகளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வராந்தாவில்தான். வீட்டுக்கு வந்ததும் அந்த விவசாயி நினைவுக்கு வந்தார். திங்கட்கிழமை அந்த மூன்றையும் திரும்ப வாங்கி அந்த மாணவனோடு உட்கார்ந்தேன். ஒன்றில் நோயாளி மூன்றாவது வாரமே வருவதை நிறுத்திவிட்டிருந்தார். மீதி ஐந்து வாரம் அவனே எழுதியது. திட்டவில்லை. ஏன் வராமல் போனார் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினான். இரண்டு வருடத்தில் அவனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லையாம். கேட்டிருக்க வேண்டியவள் நான்.

அதனால் இந்த மடலோடு ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். ஜூலையிலிருந்து புதன்கிழமைகளில் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை வேறு வேலை வைத்துக்கொள்ளப் போவதில்லை. மூன்று மணி நேரம், மூன்று மாணவர்கள். எந்தக் கல்லூரி என்று கேட்கமாட்டேன், சான்றிதழும் கிடையாது. உங்கள் அனுமதியோடு வரட்டும், நோயாளியின் பெயரும் ஊரும் இல்லாமல், அவர் சொன்ன நாலு வரியைத் தமிழில் எழுதிக்கொண்டு வரட்டும். டீ என் செலவு.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருத்தி
மஞ்சக்குப்பம், கடலூர்